அரை வட்டியும் ஒரு வட்டியும்

அண்ணனுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் இப்படி விடிந்ததும் விடியாததுமாக பஸ் ஏறி வந்து, வருமான வரி ஆபீஸ் மூன்றாவது மாடி வராந்தாவில் பக்கத்தில் உட்கார்ந்து, காகிதத்தைப் பிரித்து பால்பன்னை எடுத்து நீட்டுவாரா? "தின்னு தாயி. காலையில பச்சத்தண்ணி பல்லுல படாமத்தான வந்திருப்ப." நாற்பத்தெட்டு வயதுப் பொம்பளை, அரசு ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர், சம்பந்தி எடுத்தவள். அவளுக்குப் பால்பன். பஞ்சவர்ணம் வாங்கிக்கொண்டாள். வாங்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பார், ஏன் என்று கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும். பாகு விரலெல்லாம் ஒட்டியது. துடைக்கக் கைக்குட்டை எடுக்கலாமென்றால் கைப்பை அண்ணனின் மடியில் இருக்கிறது. வாங்கி வைத்துக்கொண்டார், பாரமாக இருக்குமாம். இரும்பு நாற்காலிகள் நாலைந்தைச் சேர்த்து ஒரே சட்டத்தில் பற்றவைத்திருக்கிறார்கள். ஒருவர் அசைந்தால் எல்லாரும் அசைய வேண்டியதுதான். அண்ணனுக்குச் சும்மா உட்கார்ந்தால் கால் ஆடும், சின்ன வயசிலிருந்தே. அந்த ஆட்டம் சட்டம் வழியாக ஏறி அவள் இடுப்பு, முதுகு, பல் வரை வந்து நடுக்கியது. ஆட்டாதே என்று சொல்லலாம். அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. ஆனால் இன்றைக்கு வாயைத் திறந்தால் எது முதலில் வரும் என்று அவளுக்கே நிச்சயமில்லாததால் பன்னைக் கடித்தாள்.

மாசத்துக்கு ஒரு வட்டி. இதைச் சொல்வதற்கு ஆடிட்டர் அலாவுதீன் எவ்வளவு கஷ்டப்பட்டார், பாவம். சதவீதம், பிரிவு, உட்பிரிவு என்று ஆரம்பித்தவரை நிறுத்தி, "நூத்துக்கு மாசம் ஒரு ரூவாயா? ஒரு வட்டின்னு சொல்லுங்க தம்பி" என்று அவளே எடுத்துக் கொடுத்தாள். கேட்பதற்குச் சல்லிசாகத்தான் இருந்தது. ஊரில் மூணு வட்டிக்குக் குறைந்து எவன் கொடுக்கிறான்? வட்டிக்கு வட்டியும் கிடையாதாம். ஆனால் ஒரு வட்டி என்பது இரண்டு இடத்திலிருந்து வந்தது. வருஷம் முடிவதற்குள் வரியை முன்கூட்டிக் கட்டவில்லையே, அதற்கு ஒன்று. வருமானத்தைக் கணக்குக் காட்டித் தாக்கல் செய்யவில்லையே, அதற்கு ஒன்று. இரண்டும் தனித்தனியாக, மாடு இரண்டு பக்கமும் மேய்கிற மாதிரி, அவள் பேருக்கு நோட்டீஸ் வருகிற வரைக்கும் மூன்று வருஷம் மேய்ந்திருக்கின்றன. மாசத்தில் ஒரு நாள் ஆனாலும் முழு மாசமாம். "மாதம் அல்லது மாதத்தின் ஒரு பகுதி." அந்த வரியைப் படித்ததிலிருந்து அவளுக்கு ஒன்றாம் தேதி காலண்டர் தாளைக் கிழிக்க மனசு வருவதில்லை. சம்பளம் வருகிற நாள் அது. ஊரே சந்தோஷமாக இருக்கும். அன்றைக்குப் பொழுது விடிந்ததுமே அரசாங்கம் முழு மாச வட்டியையும் எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. வரி ஆறு லட்சம், அதை பி.எஃப்பில் கடன் வாங்கிக் கட்டியாயிற்று. கட்டித்தான் ஆக வேண்டும், நிலம் விற்றது உண்மை. இப்போது நிற்பது வட்டி மட்டும், அதைத் தள்ளுபடி செய்யச் சொல்லித்தான் இன்றைய விசாரணை. நாலு லட்சத்துக்கும் மேல். அவள் கட்ட ஆரம்பித்து, ஜன்னல் உயரத்தில், லிண்டல் மட்டத்தில் நிற்கிற வீடு லிண்டல் மட்டத்திலேயே நிற்கும். மழை வந்தால் உள்ளே செடி முளைக்கும். கொத்தனார் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

"உள்ள இருக்குற ஆபீசரம்மா என்ன கேப்பாக?" என்றார் அண்ணன். "சலான் நாந்தான் கட்டுனேன்னு சொன்னாப் போதுமா?"

"போதும்ண்ணே."

"சொல்லிப்புடலாம். அதுல என்ன இருக்கு. அம்புட்டுப் பணத்தையும் அரசாங்கத்துக்குத்தான கட்டுனேன், களவாண்டா போனேன்?"

அதுதான். அதேதான். அம்புட்டுப் பணத்தையும் கட்டினார். ரிங் ரோட்டோரம் அப்பா விட்டுப்போன நிலம், பத்திரத்தில் இரண்டு பேர், அண்ணன் தவமணி ஒரு பாதி, பஞ்சவர்ணம் ஒரு பாதி. குடோன் கட்டுகிறவர் வந்து வாங்கினார். அவரவர் பணம் அவரவர் பேங்குக்கு வந்தது. வரி என்று ஒன்று உண்டு என்றதும் அண்ணன் சொன்னார், "நீ எதுக்கு அலையுற? உம்பங்கு வரியை என் கைல குடு. சேத்துக் கட்டிர்றேன்." அவள் ஆறு லட்சத்துக்குச் செக் எழுதிக் கொடுத்தாள். அவரும் கட்டினார், மார்ச் முடிவதற்குள், நியாயமாக, ஒரு ரூபாய் பாக்கி வைக்காமல். எல்லாவற்றையும் தன் பேரில். அதில் என்ன தப்பென்று இன்றைக்கு வரைக்கும் ஊரில் யாரிடம் கேட்டாலும் முழிப்பார்கள். கோயில் திருவிழாவுக்கு வரி பிரிக்கும்போது தங்கச்சி வீட்டுக்கு என்று தனியாகவா எழுதுகிறார்கள்? தவமணி வகையறா என்று ஒரே பேர், ஒரே தொகை. புருஷன் போனதிலிருந்து அவள் வகையறாவில் சேர்த்தி. அரசாங்கத்துக்கு வகையறா தெரியாது. அதற்கு ஒவ்வொரு தலையும் தனித்தனி பான் கார்டு. அண்ணன் தன் கார்டைக் காட்டி இரண்டு பேருடைய வரியையும் கட்டிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டே வந்து "முடிஞ்சது" என்றார். ரசீது எங்கே என்று கேட்டிருக்கலாம். அண்ணனிடம் ரசீது கேட்கிற தங்கச்சி இருக்கிறாளா? கேட்டிருந்தால் அண்ணி முகத்தை எங்கே கொண்டு வைத்திருப்பாள்? கேட்காததற்கு மாசம் இரண்டு வட்டி.

ஒரு ஆள் பைலைத் தூக்கிக்கொண்டு போனான். அந்தப் பைல் தன்னுடையதா? இல்லை, அது தடியாக இருக்கிறது. கூட்டுகிறவள் வாளியைக் கொண்டுவந்து ஏசி ஒழுகுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போனாள். சொட்டு வாளியில் விழுகிற சத்தம் கேட்க ஆரம்பித்ததும் அதை எண்ணாமல் இருக்க முடியவில்லை. எண்ணாதே. ஆஸ்பத்திரியில் மாத்திரை எண்ணி எண்ணிப் பழகின புத்தி இது. பால்பன் தொண்டையில் நின்றது. அண்ணன் தண்ணீர்ப் பாட்டில் மூடியைத் திறந்து கொடுத்தார். கேட்காமலே கொடுக்கிறார். கேட்காமலே எல்லாம் செய்கிற மனுசன். மகள் பவதாரணி மூணாம் வகுப்பு படிக்கும்போது அவள் அப்பா லாரியில் அடிபட்டுப் போனார். அன்றைக்கு ராத்திரி அண்ணன் வாசலில் கட்டிலைப் போட்டுப் படுத்தவர், கருமாதி முடிகிறவரை எழுந்து வீட்டுக்குப் போகவில்லை. அப்புறம் கரண்ட் பில், கேஸ், பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் கையெழுத்து, எல்லாம் அவர்தான். அவளுக்கு உலகத்தோடு இருந்த போக்குவரத்து எல்லாம் அண்ணன் வழியாகப் போய் அண்ணன் வழியாக வந்தது. சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. யாராவது எதற்காவது கேட்டால் "எங்கண்ணனைக் கேட்டுக்கங்க" என்று சொல்வதில் ஒரு மிதப்புக்கூட இருந்தது. கதவில்லாத ஜெயில் என்று அப்போது தோன்றவில்லை. இப்போதும் அப்படித் தோன்றுவது பாவம்.

போன வாரம் அலாவுதீன் போனில் சொன்னார். "அக்கா, ஒரு விஷயம். உங்க அண்ணன் கணக்கை பிரவுசிங் சென்டர்ல போட்டிருக்காங்க. பத்திரத்துல இருக்கிற மாதிரி பாதிப் பணத்துக்கு மட்டும் போட்டிருக்காங்க. அப்ப அவர் கட்டுன வரி இரண்டு மடங்கு. அதிகமாக் கட்டுன பாதியை டிபார்ட்மென்ட் அவருக்கே திருப்பி அனுப்பிடுச்சு. வட்டியோட." வட்டியோடவா? "ஆமாக்கா. அஞ்சு மாசத்துக்கு அரை வட்டி." அவள் அப்போது மருந்துக் கவுண்டருக்குள் நின்றிருந்தாள். வெளியே வரிசை. ஒரு கிழவர் சுகர் மாத்திரைக்கு இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நிற்கிறார். அரை வட்டி. அவளுடைய பணம் ஐந்து மாசம் அரசாங்கத்திடம் இருந்ததற்கு அரசாங்கம் அண்ணனுக்கு அரை வட்டி கொடுத்திருக்கிறது. அதே பணம், அதே ஐந்து மாசம், அரசாங்கத்திடம் இல்லாமல் போனதற்கு அவளிடம் ஒரு வட்டி கேட்கிறது. ஒரே பணம் ஒரே நேரத்தில் இருந்தும் இருக்கிறது, இல்லாமலும் இருக்கிறது. சாமிகூட இப்படிச் செய்யாது. "இதைத்தான் நாம சொல்லப்போறோம்" என்றார் அலாவுதீன். குரலில் அப்படி ஒரு உற்சாகம். "வட்டிங்கிறது தண்டனை இல்லக்கா, ஈடு. பணம் அவங்ககிட்டயே இருந்தப்ப எதுக்கு ஈடு? அந்த அஞ்சு மாசத்துக்கு இப்படிக் கேக்கலாம். மிச்ச மாசத்துக்கு, பணம் திரும்பி வந்ததே உங்களுக்குத் தெரியாது, அண்ணன் சொல்லவும் இல்ல கொடுக்கவும் இல்லன்னு சொல்லுவோம். அவரையும் கூட்டிட்டு வாங்க, அவர் வாயால ஒத்துக்கிட்டாப் போதும். நல்ல கேஸ்க்கா." நல்ல கேஸ். கிழவரின் கையில் எத்தனை மாத்திரை போட்டாள் என்று நினைவில்லை. அவர் "தாயி, இது ரெட்டிப்பா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்.

எப்போது வந்தது என்று மட்டும் கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது. வரி கட்டின அந்த வருஷமே, ஆவணி முதல் வாரம் என்றார். அந்த ஆவணிக் கடைசியில்தான் பவதாரணிக்குக் கல்யாணம் நடந்தது. தாய்மாமன் சீர். நினைப்பு அந்த இடத்துக்கு வந்ததும் ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொள்ளும், முந்தானை ஆணியில் மாட்டின மாதிரி, இழுத்தால் கிழியும். லாரியிலல்லவா வந்தது சீர்! பீரோ, கட்டில், புது ஸ்கூட்டர் மாலையோடு, தாம்பாளம் தாம்பாளமாய்ப் பொம்பளைகள், கொட்டு மேளம், முன்னால் அண்ணன், தோளில் துண்டு, பவதாரணி கழுத்தில் போட ஏழு பவுன் சங்கிலி நீலப் பெட்டியில். மைக்கில் ஒருத்தன் தொண்டை கிழியக் கத்துகிறான், தாய்மாமன் தவமணி அவர்கள் சீர் கொண்டு வருகிறார், வழி விடுங்க, வழி விடுங்க. சம்பந்தியம்மா எழுந்து நின்றுவிட்டாள். அவ்வளவு நேரம் வாழைப்பழம் சரியில்லை, பந்தியில் அப்பளம் நமத்திருக்கிறது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவள். அப்பன் இல்லாத பிள்ளை என்று யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் போனது அன்றைக்குத்தான். பஞ்சவர்ணம் மணமேடைக்குப் பின்னால் போய் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சந்தோஷத்தில். அண்ணனின் பங்குப் பணமெல்லாம் மகன் படிப்புக் கடனுக்கும் போர்வெல் போட்ட கடனுக்கும் போய்விட்டது என்று அண்ணி அதற்கு முந்தின மாசம்தான் மூக்கைச் சிந்தியிருந்தாள். அப்புறம் ஏது இவ்வளவு? கடன் வாங்கியிருப்பார் என்று நினைத்தாள். எனக்காகக் கடன் வாங்கியிருக்கிறார் என்று அதற்கும் சேர்த்து அழுதாள். இப்போது கூட்டிப் பார்த்தால் சங்கிலி, ஸ்கூட்டர், லாரி, மேளம், கிடா என்று எல்லாம் சேர்ந்து ஆறு லட்சத்துப் பக்கம் வருகிறது. வட்டியும் வந்திருக்கிறதே, மேளத்துக்கு அது போயிருக்கும். தன் பணத்தில் தனக்கே சீர் வாங்கிக்கொண்டு தானே அழுதிருக்கிறாள்.

இல்லை. அப்படிச் சொல்லாதே. அவருக்கு என்ன தெரியும், எட்டாம் வகுப்பு. பேங்கில் பணம் விழுந்திருக்கும். அரசாங்கம் அதிகமாய் வாங்கினதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது என்று பிரவுசிங் சென்டர்காரன் சொல்லியிருப்பான். நேர்மையாய்க் கட்டினதற்குச் சாமி கொடுத்தது என்று நினைத்திருப்பார். கையில் வைத்துக்கொள்ளாமல் தங்கச்சி மகளுக்கே கொட்டிவிட்டார். அப்படித்தான் இருக்கும். அப்படி என்றால் அவர் எவ்வளவு நல்லவர். ஆனால் அவள் கொடுத்த செக்கும் ஆறு லட்சம், திரும்பி வந்ததும் ஆறு லட்சம். எட்டாம் வகுப்புக்குக் கூட அது தெரியுமே? வியாபாரத்தில் கத்தரிக்காய் மூட்டைக்கு அரைக் கிலோ குறைந்தால் கண்டுபிடிக்கிறவர். தெரிந்துதான் செய்தாரா? தெரிந்தும் அந்த மைக் சத்தத்துக்கு நடுவில் அவ்வளவு நிமிர்ந்து நடந்தாரா? கேட்டுவிடலாம். பக்கத்தில்தான் இருக்கிறார், முழங்கை இடிக்கிறது. அண்ணே, அந்தப் பணம் எம்பணம்னு உனக்குத் தெரியுமாண்ணே? அவ்வளவுதான். ஒரு வாரமாக மருந்துக் கவுண்டரில், பஸ்ஸில், குளிக்கும்போது சொல்லிப் பார்த்துப் பழகி வைத்த வாக்கியம். கேட்டு, அவர் தெரியாது என்றால் அவர் செத்துப்போவார், தங்கச்சி இப்படி நினைத்துவிட்டாளே என்று. தெரியும் என்றால் அவள் செத்துப்போவாள். கேட்காமல் இருந்தால் அந்த அம்மா கேட்பாள். கேட்டதற்கு உண்மையைச் சொன்னால் நாலு லட்சம் மிச்சம், வீட்டுக்குக் கூரை. அண்ணன் தங்கச்சிப் பணத்தை எடுத்துக்கொண்டார் என்று சர்க்கார் தாளில் ஏறும், அவர் முன்னாலேயே ஏறும், ஒருநாள் அது சம்பந்தி வீட்டுக்கும் போகும், அந்தச் சங்கிலியைப் பவதாரணி எப்படிக் கழுத்தில் போடுவாள். எந்தக் கதவைத் தொட்டாலும் அதற்கு அந்தப் பக்கம் அண்ணன் நிற்கிறார். கால் ஆடுகிறது. முதுகு நடுங்குகிறது. இன்றைக்குத் தேதி என்ன? மாசத்தின் ஒரு பகுதி ஆரம்பித்துவிட்டது.

"பஞ்சவர்ணம்!" உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அலாவுதீன் எங்கிருந்தோ ஓடிவந்து சேர்ந்துகொண்டார், நெற்றியில் வேர்வை. "தைரியமா வாங்கக்கா. கேட்டா உள்ளதைச் சொல்லுங்க, அது போதும்." அண்ணன் வேட்டியை இறக்கிவிட்டுத் துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டார், கோயிலுக்குள் நுழைகிற மாதிரி. அறைக்குள் குளிர். மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட அம்மா, பஞ்சவர்ணத்தைவிட வயசு குறைந்தவள், எதிரில் கம்ப்யூட்டர், பக்கத்தில் ஒருவர் தட்டச்சு செய்யத் தயாராக. உட்காரச் சொன்னாள். கடுமை ஒன்றும் இல்லை; அதுதான் பயமாக இருந்தது. அலாவுதீன் தண்டனை இல்லை, ஈடு என்று ஆரம்பித்து நன்றாகத்தான் பேசினார். அந்த அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பஞ்சவர்ணத்துக்குக் காதில் வார்த்தைகள் விழுந்தன, உள்ளே போகவில்லை. ஒட்டுகிற விரல்களை மடியில் ஒன்றோடொன்று பின்னி வைத்திருந்தாள். பிரிக்க முடியவில்லை.

"சரிங்க சார், அந்த அஞ்சு மாசத்தைப் பத்திப் பார்க்கிறேன்" என்றாள் அதிகாரி. "அதுக்கப்புறம்தான் பிரச்சினை. அம்மா, நீங்க சொல்லுங்க. உங்க பங்கு வரி உங்க அண்ணன் கணக்குக்குத் திரும்பி வந்திருக்கு. அதை அவர் உங்ககிட்ட கொடுத்தாரா? கொடுத்திருந்தா நீங்க அப்பவே உங்க பேர்ல கட்டியிருக்கணும், வட்டியில நான் ஒண்ணும் செய்ய முடியாது. கொடுக்கலைன்னா அதையும் சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

கொடுக்கவில்லை. ஒரு வார்த்தை. அலாவுதீன் அவளைப் பார்த்துக் கண்ணால் தள்ளினார், சொல்லுங்கக்கா. அதுதான் உண்மை. உண்மையைச் சொல்வதில் என்ன பாவம்? வாயைத் திறந்தாள். வாசலில் கட்டில் போட்டுப் படுத்திருந்த முதுகு தெரிந்தது, சட்டை இல்லாமல், பனியன் கிழிந்து. அந்தப் பனியனைத் தாண்டி அந்த வார்த்தை வரவில்லை. அவர் பக்கம் திரும்பாமல், அந்த அம்மாவின் மேசைக் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள்.

"கொடுத்துட்டாருங்க. நாந்தான் கட்டாம விட்டுட்டேன்."

அலாவுதீன் "அக்கா" என்றார். அப்புறம் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தட்டச்சு செய்கிறவர் தட்ட ஆரம்பித்தார். நாலு லட்சம் போயிற்று என்று அவளுக்குத் தெரிந்தது, ஆனால் வலிக்கவில்லை. அண்ணன் இப்போது திடுக்கிட்டுத் திரும்புவார், என்ன தாயி சொல்ற, எந்தப் பணம், அது எம்பணம்ல, அதை எப்ப உன் கைல குடுத்தேன் என்று கேட்பார். இந்த அம்மா முன்னால் கேட்டால் கேட்கட்டும், வெளியே போய் எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம். அவர் கேட்க வேண்டும் என்று அவள் காத்திருந்தாள். வாழ்க்கையில் இவ்வளவு ஆசையாக எதற்கும் காத்திருந்ததில்லை.

அதிகாரி அவர் பக்கம் திரும்பினாள். "கொடுத்தீங்களாங்க?"

"ஆமாங்கம்மா" என்றார் அண்ணன், அவள் கேட்டு முடிப்பதற்குள். "அப்பவே கொடுத்துட்டேன்."

எந்தப் பணம் என்று அவர் கேட்கவில்லை.